கடலில் நாலாம் இடம்

அந்தப் பேப்பரைக் கொஞ்சம் மடித்து வைத்துக்கொள்வீர்களா தம்பி? தப்பாக நினைக்காதீர்கள். படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. விளையாட்டுப் பக்கம் என்னைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். அரசியலைப் படியுங்கள், சினிமாவைப் படியுங்கள். அந்த ஒரு பக்கம் மட்டும் உள்ளே போய்விட்டால் போதும். ஆமாம், அப்படி. சந்தோஷம்.

நாகர்கோவிலுக்கா? நானும் அங்கேதான். ஆனால் அங்கே எனக்கு வேலை ஒன்றும் இல்லை. வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு டீ குடிப்பேன், கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்காருவேன், அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் கிளப்புக்குப் பந்துகளி. ஆட்டத்தை எங்கள் பக்கம் களி என்றுதான் சொல்வோம். அந்த நேரத்தில் ஊரில் இருக்க என்னால் முடியவில்லை.

என் பெயர் பிதலீஸ். ஊர் புன்னைத்துறை. எங்கள் கடற்கரையில் பந்து என்றால் கால்பந்துதான், வேறு பந்து எங்களுக்குத் தெரியாது. ஊருக்கு ஒரு கோயில், கோயிலுக்கு ஒரு கிளப். எங்களுடையது புனித யாகப்பர் கோயில், அதனால் யாகப்பர் கிளப். நீலமும் வெள்ளையும் சட்டை. மாவட்ட லீக்கில் ஏ டிவிஷன். என் அப்பா அதில் களித்தார். நான் களிக்கவில்லை, எனக்குக் காலைவிட வாய்தான் நன்றாக ஓடும். ஏழாம் வகுப்பு வரை மலையாளம், அப்புறம் தமிழ் என்று இரண்டு பள்ளிக்கூடத்தில் படித்தவன். பிறகு பஹ்ரைன் துறைமுகத்தில் பாதி ஆயுசு. கப்பல்களோடு வயர்லெஸ்ஸில் பேசுகிற வேலை. திரும்பி வந்ததும் ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? கிளப் அறையில் இருந்த வயர்லெஸ் செட்டை என் கையில் கொடுத்தார்கள். "உமக்க வாய்க்கு ஏத்த வேலை இதுதான் ஓய்" என்றார்கள்.

அந்த செட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் கரையோரம் வலை போடுகிறவர்கள் இல்லை தம்பி. போட்டில் ஐஸ் நிரப்பி, அரிசி நிரப்பி, மாதக்கணக்கில் ஆழ்கடல். சுறா, கேரை என்று தேடிப் போவார்கள். அங்கே போன் எடுக்காது. கரையிலிருந்து நான் பேசினால் பக்கத்தில் நிற்கிற போட்டு கேட்கும். அது அடுத்த போட்டுக்குச் சொல்லும். அது அதற்கு அடுத்ததுக்கு. அப்படியே கைமாறிக் கைமாறி எங்கேயோ தண்ணீர் மட்டுமே இருக்கிற இடத்தில் கிடக்கிறவன் காதுக்கும் ஞாயிற்றுக்கிழமைக் களி போய்ச் சேரும். ஊரில் ஆண்பிள்ளைகளில் பாதிப் பேர் எப்போதும் கடலில்தான். கிளப்புக்கு இரண்டு கூட்டம் ரசிகர்கள். கரையில் பெண்களும் கிழவர்களும் என்னைப் போல் திரும்பி வந்தவர்களும். கடலில் மற்றவர்கள். கரைக்காரர்கள் கண்ணால் பார்த்தார்கள். கடல்காரர்களுக்குக் கண் நான்தான்.

போன சீசன் ஆரம்பத்தில் எல்லோரும் கோப்பை கோப்பை என்றுதான் பேசினார்கள். எங்கள் கோல்கீப்பர் ஜெரோன் கையுறையை மாட்டிக்கொண்டு நின்றால் வலை சின்னதாகிவிட்ட மாதிரி இருக்கும். முதல் இரண்டு களி ஜெயித்தோம். அப்புறம் மீன் கிளம்பிவிட்டது. மீன் கிளம்பினால் யார் களத்தில் நிற்பது? ஜெரோன் மரியதாசனுடைய போட்டில் ஏறிவிட்டான். பின்னால் நிற்கிற இரண்டு பையன்களும் வேறு வேறு போட்டில் போனார்கள். போகும்போது ஜெரோன் என்னிடம் சொன்னான்: "அண்ணே, கிளப்புக்கு ஆபத்துண்ணா ஒரு வார்த்தை சொல்லுங்க. கரைக்கு வாற எந்தப் போட்டுலயாவது தொத்தி வந்திருவேன்." நானும் சரி என்றேன்.

மூன்றாவது களி தோற்றோம். மூன்றுக்குப் பூஜ்யம். நான் உள்ளதை உள்ளபடி செட்டில் சொன்னேன். நாலாவது களியும் தோற்றோம். அதையும் சொன்னேன். மறுபடி பேசுகிற முறை வந்ததும் மரியதாசன் சொன்னான்: "எடே பிதலீஸே, இங்க மூணு நாளா காத்து. எவனும் கண்ணடைக்கல. தூண்டில்ல ஒண்ணும் இல்ல. உனக்க செய்தியைக் கேட்டதுக்குப் பெறவு பயலுவ சோறு தின்னாம கெடக்கானுவ. நல்லது எதாவது இருந்தா சொல்லு, இல்லேண்ணா அந்த செட்டுக் குந்தத்தை அணைச்சுப் போடு."

குரலில் கோபம் இல்லை தம்பி. கோபமாக இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. களைத்துப்போன குரல்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் கிடக்கிறவனுக்குக் கரையின் கெட்ட செய்தியைச் சொல்லக்கூடாது. வீட்டில் சாவு விழுந்தாலும் சொல்ல மாட்டார்கள். அவன் வந்து கால் மண்ணில் பட்ட பிறகுதான். அங்கே இருந்துகொண்டு அவன் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்? அழுதால் கை நடுங்கும். கை நடுங்கினால் கொக்கி கையில் ஏறும். எவ்வளவு நல்ல வழக்கம்.

எனக்கும் அப்படிச் செய்தார்கள். நான் பஹ்ரைனில் இருந்தபோது அப்பா போய்விட்டார். எனக்குச் சொல்லவில்லை. நான் போன் செய்வேன், என் தங்கச்சி ரெஜினா எடுப்பாள். அப்பா எங்கே என்று கேட்பேன். "அப்பா இப்பதான் உறங்குதாரு. அங்க வெயில் எப்பிடிண்ணே?" என்பாள். நான் வெயிலைப் பற்றிச் சொல்வேன். அவருக்கு முட்டுவலி என்று ஊருக்கு வருகிறவனிடம் தைலம் கொடுத்து அனுப்பினேன். "டெய்லி தேய்க்குதாரு, இப்ப நல்லா நடக்காரு" என்றாள். அதனால் லீவில் வரும்போது இன்னும் இரண்டு பாட்டில் வாங்கி வந்தேன். வீட்டுக்குள் நுழைந்து நேராக அப்பாவின் அறைக்குப் போனேன். கட்டில் மடக்கிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. அலமாரியில் நான் முன்னால் அனுப்பிய தைலம், மூடி திறக்காமல்.

எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் பாருங்கள். அத்தனை மாதம் நான் நிம்மதியாக வேலை பார்த்தேன். அதற்குப் பிறகு ரெஜினாவோடு நான் அதிகம் பேசுவதில்லை. அது வேறு விஷயம். அவளுக்கும் குடும்பம், பிள்ளைகள் என்று ஆகிவிட்டது.

சரி. ஐந்தாவது களி. நாலுக்கு ஒன்று என்று தோற்றோம். செட்டில் இரண்டுக்கு ஒன்று என்று சொன்னேன். தோல்வி தோல்விதானே? இரண்டு கோலை மட்டும் விட்டுவிட்டேன். அடுத்த களியில் தோல்வியைச் சமன் ஆக்கினேன். அதற்கு அடுத்தது ஒரு வெற்றி. ஒரு முறை செய்தால் கை பழகிவிடும். ஸ்கோரைச் சட்டென்று சொல்லிவிட வேண்டும், சொன்ன கையோடு வேறு எதையாவது கேட்டுவிட வேண்டும். "ஒண்ணுக்கு ஒண்ணு சமன். மீன்பாடு எப்பிடி?" அவ்வளவுதான். அவர்கள் மீனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

கரையில் எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிறகு செட்டில் பேச வரிசையில் நிற்கிற பெண்கள் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நிற்பார்கள். ஒருத்தி மறுத்துச் சொல்ல வேண்டுமே? மாட்டார்கள். மரியதாசனுடைய பெண்டாட்டி மேபல் ஒருபடி மேலே போய், "அந்த ரெண்டாவது கோலு இருக்கே, நான் கண்ணால பாத்தேன், இஞ்சருங்க!" என்று அவனிடம் சொன்னாள். அப்படி ஒரு கோலே கிடையாது. என் பெண்டாட்டி செலின் மட்டும் வீட்டில் கேட்டாள்: "இது எங்க போய் நிக்கும்?" "கரை வந்து சேரும்போது தெரிஞ்சுக்கட்டும்" என்றேன்.

கரையில் எங்கள் கதை வேறு. கோப்பையை விட்டோம். அப்புறம் ஆறாவது இடம் போதும் என்றோம். பத்து டீம், கடைசி இரண்டு டீம் பி டிவிஷனுக்கு இறங்க வேண்டும். எட்டாவது வந்தால் போதும், எட்டாவது வந்தால் யாகப்பருக்கு முத்துக்குடை என்று நேர்ந்தோம். முன்பெல்லாம் கோல் விழுந்தால் கத்துவோம். பிறகு கார்னர் கிடைத்தால் கத்தினோம். கடைசியில் எங்கள் பையன் பந்தை வெளியே அடித்து நேரம் போக்கினாலே கைதட்டல்! பக்கத்து ஊர் மணக்காட்டுவிளைக்காரர்கள் சிரித்தார்கள். "ஓய், பந்தைக் கடல்ல போட்டுட்டு வந்தியளா? அங்கேயும் ஒரு வலைதான ஓய், இங்கேயும் ஒரு வலைதான, ரெண்டுலயும் நிறைய விழுது உங்களுக்கு!" என்று கத்துவார்கள். எங்கள் மேபல் விடுவாளா? "எங்க வலையில விழுதத நாங்க விப்போம்லே! உனக்க பல்லு விழுந்தா ஆருக்கு விப்ப?" என்பாள். சிரிப்போம். நாலு கோல் வாங்கிக்கொண்டிருக்கும்போதும் சிரிப்போம்.

அப்புறம் அடுத்தவன் தோல்விக்காக ஜெபம். எங்களுக்குக் கீழே இருந்த டீமோடு மோதுகிற டீம் ஜெயிக்க வேண்டும் என்று செலின் மெழுகுவர்த்தி கொளுத்தினாள். அது யாருடைய டீம் தெரியுமா? சவேரியார் கிளப். காலம் காலமாக எங்களுக்கு ஆகாதவர்கள். "யாகப்பர் முன்னால சவேரியாருக்குத் திரி கொளுத்துதியே, வெக்கமா இல்லியா?" என்று பங்குத்தந்தையே கேட்டார். "மேல ரெண்டு பேரும் கூட்டாளிதான சாமி" என்றாள்.

கரையில் எட்டாவது இடத்துக்கு இழுத்துப் பறித்துக்கொண்டிருந்தோம். கடலில் எங்கள் கிளப் நாலாவது இடத்தில் இருந்தது. எனக்கு இரண்டு கணக்கும் மனதில் நிற்கும். செட்டை அணைத்துவிட்டு வெளியே வரும்போது சில நாள் சந்தேகமாக இருக்கும், நாம் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று. உண்மையைச் சொன்னால் தம்பி, கடலில் இருக்கிற கிளப்தான் நல்ல கிளப். அந்தக் களியை நான் இன்னும் நன்றாகச் சொல்வேன். யார் யாருக்குப் பந்து கொடுத்தான், எந்தக் காலால் அடித்தான் என்று. அப்பா களித்த காலத்துப் பந்து அது.

ஒரு களி பாக்கி. மணக்காட்டுவிளையோடு, எங்கள் களத்தில். சமன் ஆனால் எட்டாவது, தோற்றால் கீழே. செக்ரட்டரி கிறிஸ்துதாஸ் என்னிடம் வந்தார். "பிதலீஸ், இந்த ஒரு தடவை உள்ளதைச் சொல்லும். ஜெரோனை வரச் சொல்லும். நல்ல கோல்கீப்பர் இல்லாம நம்மால பிடிச்சு நிக்க முடியாது." சரி என்றேன். சொல்லத்தான் நினைத்தேன். செட் முன்னால் உட்கார்ந்தேன். அவரை யாரோ கூப்பிட, வெளியே போனார். நான் வாயைத் திறப்பதற்குள் மரியதாசன் வந்துவிட்டான்.

"கரை, கரை, கேக்குதா? பிதலீஸே, இங்க பயலுவ ஒரே குஷி. நாலாமெடம் வந்தா யாகப்பருக்கு ஒரு முழுக் கேரை நேந்திருக்கோம், ஊருக்கே சாப்பாடு. பின்ன, இங்கேருந்து ஒரு போட்டு கரைக்குத் திரும்புது. ஜெரோன் கேக்குதான், நான் வரணுமாண்ணு. ஏத்தி விடட்டா?"

நீங்களே சொல்லுங்கள். நாலாவது இடத்தில் இருக்கிற டீமுக்கு அவசரமாகக் கோல்கீப்பர் எதற்கு? நான் என்ன காரணம் சொல்ல? பொத்தானை அழுத்தினேன். "வேண்டாம். அவன் மீன் பிடிக்கட்டும். இங்க சுகம்தான். காத்து குறைஞ்சுதா?" என்றேன். "குறைஞ்சாச்சு" என்றான்.

கிறிஸ்துதாஸ் உள்ளே வந்து கேட்டார். போட்டு ஒன்றும் கரைக்கு வரவில்லையாம் என்று சொன்னேன். பாவம், அவருக்கும் பிரஷர் இருக்கிறது. அவர் மனம் ஏன் நோக வேண்டும்?

கோல் வலைக்கு முன்னால் சேவியர் நின்றான். ஆட்டோ ஓட்டுகிறவன். ஒரு காலத்தில் நல்ல கீப்பர், இப்போது சட்டைக்கு மேலே தொப்பை. ஆனாலும் அன்றைக்குப் பிடித்தான் தம்பி. இரண்டு முறை பாய்ந்து பிடித்தான். முழங்கை தோலெல்லாம் போய்விட்டது. ஒன்றுக்கு ஒன்று. நேரம் முடியப்போகிறது. பெண்கள் ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு நிற்கிறார்கள். அப்போது ஒரு பந்து வந்தது. வேகமாக வந்திருந்தால் பிடித்திருப்பான். மெதுவாக வந்தது. குழந்தை தவழ்ந்து வருகிற மாதிரி. சேவியர் குனிந்தான், கை தரைக்குப் போவதற்குள் பந்து காலுக்கு நடுவில் போய்விட்டது.

எழுந்திருக்கவில்லை. குப்புறக் கிடந்தான். ஒருவரும் அவனைத் திட்டவில்லை. மேபல்தான் உள்ளே நடந்து போய் அவன் முதுகைத் தட்டினாள். "எழும்பு மக்களே. போதும். எழும்பு."

பி டிவிஷன். என் நினைவில் எங்கள் கிளப் பி டிவிஷனில் களித்ததே இல்லை.

கிளப் அறையில் செட் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. "கரை, கரை, கேக்குதா? என்ன ஆச்சு?" அறை நிறைய ஆள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சொல்லாதே என்றும் ஒருவர் சொல்லவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை. நான் சொன்னேன்: "ஒண்ணுக்கு ஒண்ணு. சமன். நாலாமெடம் உறுதி. எப்பக் கரை பிடிப்பியோ?"

அந்தப் பக்கம் ஒரு சத்தம் எழுந்தது. ஐஸ் பெட்டி மூடியில் கையால் அடிக்கிற சத்தம், ஹார்ன், கத்தல். மரியதாசன் அடுத்த போட்டுக்குச் சொல்வது கேட்டது. அது அதற்கு அடுத்ததுக்குச் சொல்வது, இன்னும் மெல்லிதாக. நாலாமெடம், நாலாமெடம் என்று போய்க்கொண்டே இருந்தது. இங்கே அறையில் சேவியர் முழங்கையில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

அப்புறம் போட்டுகள் வந்தன. துறைமுகத்துக்குள் நுழையும்போதே தெரிந்தது. கொடிமரத்தில் நீலமும் வெள்ளையும் கட்டியிருந்தார்கள். கொடித்துணி இல்லை, சட்டை, கைலி, ஐஸ் மூடுகிற தார்ப்பாய் கிழித்தது, எது நீலமோ அது. ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தார்கள். கரையில் ஊரே நின்றது. ஒருவரும் கையசைக்கவில்லை. போட்டின் மூக்கில், முன்னணியத்தில், ஜெரோன் கையுறை மாட்டிக்கொண்டு நின்றான். இத்தனை நாளும் அதைக் கடலுக்குக் கொண்டு போயிருக்கிறான், பாருங்கள்.

போட்டு அணைவதற்குள் குதித்தான். என்னிடம் வரவில்லை. நேராக சேவியரிடம் ஓடினான். இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துத் தூக்கினான். "அண்ணே, பிடிச்சுக் குடுத்திட்டியளே! நான் இல்லாத கொறையத் தீத்திட்டியளே!" என்றான். கையுறையைக் கழற்றி சேவியர் கையில் மாட்டினான். சேவியர் அந்தக் கையுறையாலேயே முகத்தை மூடிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டான். என்ன அழுகை! அப்படியா அழுவது ஒரு ஆண்பிள்ளை? கொஞ்சம் பொறுத்திருந்தால் நான் பக்குவமாக எடுத்துச் சொல்லியிருப்பேன். முதலில் கேரையை இறக்கட்டும், ஒரு வாய் சாப்பிடட்டும், பிறகு மெதுவாக என்று நினைத்திருந்தேன். அவன் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டான்.

ஜெரோன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். மேபலைப் பார்த்தான், அவள் முந்தானையை வாயில் வைத்தாள். கடைசியில் என்னிடம் வந்தான். கத்துவான் என்று நினைத்தேன். "நான் கேட்டேன்லாண்ணே?" என்றான். "வரணுமாண்ணு கேட்டேன்லா?" அவ்வளவுதான். வெறும் கையோடு வீட்டுக்கு நடந்து போய்விட்டான். கேட்டான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவ்வளவு அக்கறை இருந்தால் கேட்காமலே வந்திருக்கலாமே?

அந்தக் கேரையை யாரும் வெட்டவில்லை. ஏலத்துக்குப் போய்விட்டது.

கிளப்பில் கூட்டம் போட்டார்கள். செட்டை என்னிடமிருந்து வாங்கிவிட வேண்டும் என்றான் மரியதாசன். "பந்து போவட்டும் ஓய், பந்து வரும் போவும். நாளைக்குக் காத்து இல்லண்ணு நீரு செட்டில் சொன்னா, நான் தூண்டில எறக்கணுமா, கரைக்கு ஓடணுமா? எதை நம்பி நிக்க?" என்று கேட்டான். புயலையும் பந்தையும் ஒன்றாகப் பேசலாமா தம்பி? நல்லது இருந்தால் மட்டும் சொல் என்று சொன்னவனே அவன்தான். அதை நான் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வரிசையில் நின்று கேட்ட பெண்கள், அறை நிறைய நின்ற ஆண்கள், ஒருவரும். இப்போது செட்டில் கிறிஸ்துதாஸ் பேசுகிறார். இழுத்து இழுத்து, சாவு அறிவிப்பு மாதிரி. எல்லாவற்றையும் உள்ளபடி சொல்கிறாராம். நான் கேட்பதில்லை. அதற்காகத்தான் இந்தப் பஸ்.

வடசேரி வந்துவிட்டதா? இல்லை, இன்னும் இருக்கிறது.

இந்த சீசன் எப்படி என்று நீங்கள் கேட்கவில்லையே. பி டிவிஷனில் எங்கள் ஆட்கள் பிரமாதமாகக் களிக்கிறார்கள். நான் களத்துக்குப் போவதில்லை, ஆனால் செலின் போகிறாள், ஒரு களி விடுவதில்லை. நான் திரும்பிப் போய் இறங்கும்போது வாசலிலேயே நிற்பாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிடுவாள். போன வாரம், "ரெண்டுக்கு ஒண்ணு ஜெயிச்சாச்சு. சோறு போடட்டா?" அதற்கு முந்தின வாரம், "மூணுக்கு ஒண்ணு. பஸ்ஸில கூட்டமா?" நானும் கூட்டத்தைப் பற்றிச் சொல்வேன். இந்த சீசனில் ஒரு தோல்விகூட இல்லை தம்பி. முதல் இடத்தில் இருக்கிறோம். அடுத்த வருஷம் மேலே ஏறிவிடுவோம். ஊரில் எதிர்ப்படுகிறவர்களும், நான் கேட்டால், ஆமாம் அண்ணே, நல்லாக் களிக்கானுவ என்றுதான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு என் உடம்பைப் பற்றி விசாரிப்பார்கள். சேவியரிடம்கூடக் கேட்டேன். அவன் ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு என்மேல் இன்னும் வருத்தம் இருக்கலாம்.

அந்தப் பக்கத்தில் உள்ளூர் லீக் எல்லாம் கட்டம் கட்டிப் போடுகிறார்களாமே. இருக்கட்டும். வேண்டாம், விரிக்காதீர்கள். அப்படியே மடிந்து இருக்கட்டும். எனக்கு எதற்கு அது? நான் போய்ச் சேரும்போது செலின் வாசலில் நிற்பாள்.